டென்மார்க்கின் நாட்டுப்புறக் கற்பாலங்கள்: கைலோப் பாலத்தின் கட்டுமானமும் மரபுப் பெறுமதியும்

1. முன்னுரை

தமிழாய்வு மாநாடுகளில் டென்மார்க் பற்றிய பேச்சு பெரும்பாலும் தரங்கம்பாடியிலேயே தொடங்கித் தரங்கம்பாடியிலேயே முடிவடைகின்றது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் ஏற்பட்ட உடன்பாடு, தான்ஸ்போர்க் கோட்டை, 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவின் அச்சுப்பணி, 1845இல் அவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டமை ஆகியன பலராலும் ஆராயப்பட்டுள்ளன. டேனியர் தமிழ் மண்ணில் எழுப்பிய கட்டடங்கள் அளக்கப்பட்டும் வரையப்பட்டும் பதிவுபெற்றும் உள்ளன. டேனியக் குடியானவர் தம் நாட்டில் நடந்த வழிகளையும் கடந்த பாலங்களையும் தமிழ்க் கண்கொண்டு நோக்கும் முயற்சியோ அரிது.

அம்முயற்சியை இக்கட்டுரை மேற்கொள்கின்றது. டென்மார்க்கின் தென்யூட்லாந்துப் பகுதியில், இன்றைய ஜேர்மனிய எல்லைக்குச் சில கிலோமீற்றர் வடக்கே, ஒரு சிற்றாற்றின் மேல் 1818இல் கருங்கல்லால் கட்டப்பட்ட கைலோப் பாலம் இதன் மையப்பொருள். இரண்டு வில்வளைவுகளைக் கொண்ட இச்சிறுபாலம் பேரரசர் எவரது புகழையும் பாடுவதன்று. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது தன் தொழிலைச் செய்துவருகின்றது. அது எவ்வாறு கட்டப்பட்டது, எதனால் நிலைத்தது, டேனியர் அதனை ஏன் மரபுச்செல்வமாகக் கருதுகின்றனர் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதோடு, அவ்விடைகள் தமிழ் நிலங்களிலுள்ள மதகுகளுக்கும் சிறுபாலங்களுக்கும் எவ்வாறு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

பெயர் பற்றிய ஒரு குறிப்பு இங்கு பொருத்தமானது. டேனிய மொழியில் சிற்றாற்றைக் குறிக்கும் சொல் ஒற்றை உயிரெழுத்தே. அதன் ஒலி நம் ‘ஓ’வை ஒத்தது. ‘கைலோ’ என்பதன் ஈற்றிலுள்ள ஓகாரம் அதுவே. தமிழில் ‘ஓ’ என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு மதகுநீர் தாங்கும் பலகை என்று பொருள் கூறுவர். இவ்விரு சொற்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் நீரோடு வாழ்ந்த இரு மக்கட் கூட்டத்தார் மிகச் சிறிய சொல்லை நீருக்கென ஒதுக்கிவைத்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2. படைவழியும் எருதுவழியும்

கைலோப் பாலத்தைத் தனியே நோக்கினால் அதன் பொருள் முழுமையாக விளங்காது. அது ஒரு பெருவழியின் உறுப்பு. யூட்லாந்துத் தீபகற்பத்தின் வடபாலுள்ள வீபோர்க் நகரிலிருந்து தெற்கே ஸ்லெஸ்விக் நிலத்திலுள்ள தானவெர்க் என்னும் பழைய மண்ணரண் வரை ஒரு தொன்மையான வழி செல்கின்றது. டேனியர் அதனை ‘ஹேர்வையன்’ என்பர். ‘படைவழி’ என்பது அதன் நேர்ப்பொருள். தெற்கே ஜேர்மனிய மொழியில் அதற்கு ‘எருதுவழி’ என்று பெயர். படைகளும் புனிதப் பயணிகளும் சென்ற இவ்வழியில், 16ஆம் 17ஆம் நூற்றாண்டுகளில் பல்லாயிரக்கணக்கான எருதுகள் தெற்கத்திய சந்தைகளை நோக்கி நடத்திச் செல்லப்பட்டன.

தமிழ் வாசகருக்கு இது அயலான செய்தியன்று. கொங்கு நாட்டின் இராசகேசரிப் பெருவழியும், தருமபுரிப் பகுதியில் காதக் கணக்கில் தொலைவு பொறித்த கற்கள் கிடைத்துள்ள அதியமான் பெருவழியும் இத்தகையனவே. வணிகரும் படையும் மாட்டு நிரையும் ஒரே தடத்தைப் பயன்படுத்தியமை இரு நிலங்களுக்கும் பொது.

இப்பெருவழி நிலத்தின் நீர்பிரி மேட்டை ஒட்டியே செல்கின்றது. மேட்டின் கிழக்கே பிறக்கும் ஓடைகள் பால்டிக் கடலையும் மேற்கே பிறப்பவை வடகடலையும் அடைகின்றன. ஓடைகள் பிறக்குமிடத்தை அண்டிச் சென்றால் கடக்கவேண்டிய நீர்நிலைகளின் எண்ணிக்கையும் அகலமும் குறையும். ஆதலால் இவ்வழியிலுள்ள பாலங்கள் யாவும் சிறியவை. அவற்றின் சிறுமை வறுமையின் அடையாளமன்று. வழியமைத்த மக்களின் நிலவறிவுக்குச் சான்று.

பாலங்களுக்கு முன் இருந்தவை ஆற்றைக் காலால் கடக்கும் துறைகள். டேனிய மொழியில் அவற்றுக்கு ‘வாத்’ என்று பெயர். இதே வழியில் வடக்கே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மற்றொரு கருங்கற் பாலம் உள்ள இடம் இம்மர்வாத் எனப்படுகின்றது. பாலம் வந்து இருநூறாண்டுகள் கடந்தபின்னரும் ஊர்ப்பெயர் துறையை மறக்கவில்லை. ‘ப்ரோ’ என்றால் பாலம். தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஹோல்ஸ்டெப்ரோ நகரின் பெயரில் அச்சொல்லைக் காணலாம். பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என்னும் பெயர்களோடு வளர்ந்து, பின்னர் யூட்லாந்தில் குடியேறிய ஈழத்தமிழர்க்கு இப்பெயர்கள் நீரைக் கடந்த வரலாற்றை இன்னொரு மொழியில் கூறுகின்றன.

3. பாறையற்ற நாட்டில் கருங்கல்

போர்ன்ஹோல்ம் தீவை நீக்கினால் டென்மார்க்கில் நிலத்துக்கு மேல் தெரியும் கருங்கற் பாறை இல்லை. யூட்லாந்து மணலும் களியும் சுண்ணாம்பும் கொண்ட தாழ்ந்த நிலம். பின் இப்பாலங்களுக்குரிய கல் எங்கிருந்து வந்தது?

பனியூழிக் காலத்தில் வடக்கேயிருந்து நகர்ந்துவந்த பனிப்பாளங்கள் நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் மலைகளிலிருந்து பெயர்த்தெடுத்த பாறைத் துண்டங்களைத் தம்மோடு இழுத்துவந்தன. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்னர் பனியூழி முடிவுற்றது. பனி உருகியபோது அத்துண்டங்கள் வயல்களிலும் வெளிகளிலும் சிதறிக் கிடந்தன. உழவனுக்குக் கொழுமுனையை முறிக்கும் இடையூறாக இருந்த அவ்வுருண்டைக் கற்களே கல்தச்சனுக்கு மூலப்பொருளாயின. கல்லில் வரிசையாகத் துளையிட்டு, இரும்பு ஆப்புகளை இறுக்கி, மாறிமாறி அடித்து அதனைப் பிளப்பர். பிளந்த முகம் தட்டையாக அமையும். அம்முகமே பாலத்தின் வெளிமுகமாகும். ஒரே பாலத்தில் செம்மை, சாம்பல், கருமை எனப் பல நிறக் கற்கள் தோன்றுவதற்கு அவை வெவ்வேறு மலைகளில் பிறந்தவை என்பதே காரணம்.

இக்கற்களை நாடியவர்கள் பாலம் கட்டியவர்கள் மட்டுமல்லர். ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் புதிய கற்கால மக்கள் இதே உருண்டைப் பாறைகளைக் கொண்டு கல்லறைகளை எழுப்பினர். 18ஆம் 19ஆம் நூற்றாண்டுகளில் வீதிகளும் பாலங்களும் பெருகியபோது அக்கல்லறைகள் பல உடைக்கப்பட்டன. தொன்மைகளைக் காக்கும் அரச ஆணைக்குழு 1807இல் நிறுவப்பட்டதற்கு இத்தகைய அழிவும் ஒரு பின்னணி. மரபுச்செல்வம் என்று இன்று நாம் போற்றும் ஒரு பொருள் அதனினும் பழைய மரபுச்செல்வத்தை விழுங்கியும் எழுந்திருக்கலாம் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. தமிழகத்தின் மதகுகளிலும் படிக்கட்டுகளிலும் பழைய கல்வெட்டுத் துண்டுகள் பதிக்கப்பட்டுக் கிடப்பது நாம் அறிந்ததே.

4. கற்பெட்டியும் வில்வளைவும்

டேனிய நாட்டுப்புறத்தில் கல்லால் நீரைக் கடக்கும் முறைகள் இரண்டு. முதலாவது எளியது. ஓடையின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி, அவற்றின்மேல் தடித்த கற்பலகைகளைக் குறுக்காக இடுவர். இதனை டேனியர் ‘ஸ்டேன்கிஸ்டெ’ என்பர்; ‘கற்பெட்டி’ என்பது அதன் நேர்ப்பொருள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நாம் மதகு என்று வழங்கும் சிற்றமைப்பின் உடன்பிறப்பு இது. தூணும் உத்தரமுமாக எழுந்த தமிழ்க் கோயில் மண்டபத்தின் அடிப்படையும் இதுவே.

இம்முறைக்கு இயல்பான ஓர் எல்லை உண்டு. கருங்கல் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரு முனைகளில் தாங்கப்பட்ட கற்பலகையின்மீது பாரம் ஏறும்போது அதன் மேற்பரப்பு அழுத்தப்படுகின்றது, அடிப்பரப்பு இழுபடுகின்றது. இடைவெளி அகன்றால் அடிப்பரப்பில் வெடிப்புத் தோன்றிப் பலகை முறியும். நம் ஆயிரங்கால் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கும் இவ்வியல்பு ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது முறை வில்வளைவு. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை அரைவட்டமாகவோ அதனினும் தாழ்ந்த வளைவாகவோ அடுக்கினால், மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் அதன் அயற்கல்லோடு அழுத்துகின்றது. இழுவிசை பெரும்பாலும் நீங்கி அழுத்தமே எஞ்சுகின்றது. கல்லின் வலிமை எதுவோ அதுவே இங்கு வேலை செய்கின்றது. இதற்கு விலையாக வளைவு தன் இரு கால்களையும் வெளிப்புறமாகத் தள்ளும். அத்தள்ளலை ஏற்கும் கரைமுட்டுச் சுவர்கள் பருத்தும் ஆழ ஊன்றியும் இருத்தல் வேண்டும். கரைமுட்டு விலகினால் வளைவு விரிந்து சரியும். பாலத்தின் உயிர் அதன் அழகிய வளைவில் இருப்பதாகத் தோன்றினும், அது மண்ணுக்குள் மறைந்த கால்களையே நம்பியுள்ளது.

கட்டும் முறையும் அறியத்தக்கது. முதலில் மரத்தால் வளைவுச் சாரம் அமைப்பர். அதன்மேல் இருபுறமிருந்தும் ஒரே அளவில் ஆப்புக்கற்களை ஏற்றிச் சென்று, நடுவே உச்சிக்கல்லை இறுக்குவர். அதுவரை வளைவு தன்னைத் தானே தாங்காது. உச்சிக்கல் அமர்ந்தபின்னரே சாரத்தை இறக்கலாம். பின்னர் வளைவின் இரு தோள்களிலும் கல்லும் மண்ணும் நிரப்பி, மேலே பாவுகற்களோ சரளையோ இட்டு வழியைச் சமப்படுத்துவர். நிரப்பிய மண் வெறும் நிறைபொருளன்று. வண்டிச் சக்கரத்தின் பாரத்தை வளைவின்மீது பரப்பிவிடுவதும், தன் எடையால் வளைவை இறுக்கிவைப்பதும் அதுவே.

கைலோப் பாலம் ஒரே பெரிய வளைவாக அமையாமல் இரண்டு வளைவுகளாக அமைந்தமைக்கும் பொறியியல் நோக்கில் பொருளுண்டு. அகன்ற ஓர் அரைவட்டம் உயரமாக எழும். தாழ்ந்த கரைகளையுடைய புல்வெளி ஓடையில் வழியைக் கூனலாக்கும். வண்டியிழுக்கும் விலங்குக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் துன்பம். இரண்டு சிறிய வளைவுகள் வழியைத் தாழ்வாக வைத்திருக்கும். மாறாக, ஓடையின் நடுவே தூண் நிற்பதால் நீரோட்டம் அதன் அடியை அரிக்கும். மிதந்துவரும் பனிக்கட்டியும் மரக்கிளையும் அதில் மோதும். இரட்டை வளைவுப் பாலத்தில் முதலிற் கவனிக்கவேண்டியது அந்த நடுத்தூணின் அடித்தளமே.

தமிழகக் கட்டடக்கலையில் உண்மையான வளைவு பெருமளவில் வழக்குக்கு வந்தது பிற்காலத்திலேயே. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் வளைவுகள் 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் வேலை. கல்லில் நிகரற்ற தேர்ச்சி பெற்றிருந்த தமிழ்த் தச்சர் உத்தர முறையிலேயே நின்றனர். இதனைக் குறைபாடாகக் கொள்வது தவறு. பெரும் கருங்கற் பாறைகள் கிடைக்கும் நிலத்தில் நீண்ட உத்தரம் சாத்தியம். உருண்டைக் கற்களே கிடைக்கும் நிலத்தில் சிறு கற்களைச் சேர்த்துப் பெரிய இடைவெளியைக் கடக்கும் வளைவு பயனுள்ளது. கிடைக்கும் கல்லும் கட்டும் முறையைத் தெரிவு செய்கின்றது.

5. அறமும் ஊழியமும்

பாலம் கட்டுதல் யாருடைய கடமை என்னும் வினாவுக்கு டென்மார்க்கில் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. ஸீலாந்துத் தீவில் ஃபியன்னெஸ்லெவ் என்னுமிடத்திலுள்ள ரூனிக் எழுத்துக் கல், ஒருவன் அக்கல்லை நிறுத்தியதையும் பாலம் அமைத்ததையும் அறிவிக்கின்றது. வைக்கிங் காலத்தின் இறுதியில், கிறித்தவம் பரவிய வேளையில், பாலம் கட்டுதல் ஆன்மாவுக்கு நன்மை தரும் புண்ணியச் செயலாக வடநாடுகளில் கருதப்பட்டது. தண்ணீர்ப்பந்தல், மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றை அறமாகக் கொண்ட தமிழருக்கு இக்கருத்தை விளக்கவேண்டுவதில்லை. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின் மீது 1843இல் திறக்கப்பட்ட வளைவுப் பாலம், அதற்குத் தம் சொந்தப் பொருளை ஈந்த சுலோசன முதலியாரின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

அரசரின் விருப்பமாகவும் பாலம் எழுந்ததுண்டு. வைலெ ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ராவ்னிங் புல்வெளியில் 980ஆம் ஆண்டளவில் ஹரால்ட் நீலப்பல்லன் என்னும் அரசன் காலத்தில் ஓக் மரத்தால் அமைத்த பாலத்தின் நீளம் ஏறத்தாழ 760 மீற்றர். அகலம் 5 மீற்றருக்கு மேல். அதன் எச்சங்களில் பழுதுபார்த்த அடையாளங்கள் காணப்படவில்லை. அதனைப் பேணுவோர் இன்மையால் அது சில காலத்திலேயே பயனிழந்தது. அரசப் பெருமிதத்தின் 760 மீற்றரும் சேற்றுக்குள் மறைந்தன.

மூன்றாவது விடை குடியானவரின் ஊழியம். வீதிகளையும் பாலங்களையும் சீர்செய்தல் பல நூற்றாண்டுகளாக அவ்வப் பகுதி உழவர்மீது சுமத்தப்பட்ட கடமை. கல்லும் சரளையும் அவர்களுடைய வண்டியில், அவர்களுடைய குதிரையால், கூலியின்றி இழுக்கப்பட்டன. டென்மார்க் அரசு நிலத்துக்கென 1793இல் வெளிவந்த வீதிக் கட்டளை வீதிகளை வகைப்படுத்தி அவற்றின் பேணலுக்கு ஒழுங்கு வகுத்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’யும், இலங்கையில் 1832-33 காலப்பகுதியில் ஒழிக்கப்பட்ட இராசகாரியமும் இவ்வகையின. கைலோப் பாலத்தின் ஒவ்வொரு கல்லிலும் பெயரறியாத உழைப்பு உறைந்துள்ளது. மரபுப் பெறுமதி பற்றிப் பேசும்போது அரசரின் ஆட்சியாண்டைக் கூறி அவ்வுழைப்பை விட்டுவிடுவது முழுமையான வரலாறாகாது.

6. ஆட்சிகள் மாறிய வழியில்

பாலம் எழுந்த 1818ஆம் ஆண்டு டேனிய அரசுக்கு நலிவான காலம். 1813இல் அரசு பொருளாதார முறிவை அறிவித்திருந்தது. 1814இல் கீல் உடன்படிக்கையால் நோர்வேயை இழந்திருந்தது. அந்நிலையிலும் ஸ்லெஸ்விக் கோமகவத்தின் ஒரு புல்வெளியில் நிலையான கற்பாலம் தேவையென உணரப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

பின்னர் அப்பாலத்தைச் சூழ்ந்து எல்லைகள் நகர்ந்தன. 1848 ஏப்பிரல் 9ஆம் திகதி அதன் தெற்கே பௌவ் என்னும் ஊரில் முதலாம் ஸ்லெஸ்விக் போரின் தொடக்கச் சமர் நிகழ்ந்தது. 1864 போரின் பின் அந்நிலம் டென்மார்க்கின் கையை விட்டது; 1867இல் பிரஷ்யாவுடன் இணைக்கப்பட்டது; 1871 முதல் ஜேர்மனியப் பேரரசின் பகுதியாயிற்று. 1920 பெப்ரவரியில் நிகழ்ந்த மக்கள் வாக்கெடுப்பின் வழி டென்மார்க்குக்கு மீண்டது. 1940 முதல் 1945 வரை மீண்டும் ஜேர்மனியப் படைகளின் பிடியில் இருந்தது. பாலமோ இடம்பெயரவில்லை. அதன்மீது சென்றவரின் மொழியும் சீருடையும் நாணயமும் மட்டுமே மாறின.

போரினால் பாலங்கள் தகர்க்கப்பட்டதைக் கண்ட ஈழத்தமிழருக்கு இவ்வரலாறு வெறும் தகவலன்று. பாலத்தைக் கைப்பற்றுதலும் தகர்த்தலும் போரின் வழக்கமான செயல்கள். நாட்டுப்புறப் பாலம் ஒன்று தப்பிப் பிழைப்பதற்குக் கட்டுமான வலிமையோடு போக்குவரத்தின் போக்கும் துணைசெய்கின்றது. 1860களில் தென்யூட்லாந்தில் வடக்குத் தெற்காகத் தொடருந்துப் பாதை அமைந்தது. புதிய நெடுஞ்சாலைகளும் எழுந்தன. எருதுவழி தன் முதன்மையை இழந்தது. அவ்விழப்பே பழைய பாலங்களைப் பெரும் பாரத்திலிருந்தும் அகலப்படுத்தலிலிருந்தும் காத்தது எனலாம்.

7. பேணலும் சட்டமும்

கருங்கல் எளிதில் அழியாது. கல்லுக்கு இடையிலுள்ள இணைப்பே முதலில் நலியும். பழைய சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. பாலம் வெப்பத்தால் விரிந்தும் குளிரால் சுருங்கியும் அசையும்போது அச்சாந்து சற்றே விட்டுக்கொடுக்கும். உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே ஆவியாகவும் விடும். இதனை அறியாது சீமெந்தால் பூசினால், இறுகிய பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். டேனியக் குளிர்காலத்தில் அந்நீர் உறைந்து விரிவடையும்; உருகும்; மீண்டும் உறையும். சில ஆண்டுகளில் கற்கள் தம் இடத்தினின்றும் தள்ளப்படும். வளைவின் மேலே நீர் தேங்காமற் பார்த்தல், வேர்விடும் செடிகளைக் களைதல், நடுத்தூணின் அடியில் அரிப்பு உளதா என ஆண்டுதோறும் நோக்குதல், கனரக வண்டிகளை வேறு வழியே திருப்புதல் ஆகிய எளிய செயல்களே பேணலின் பெரும்பகுதி. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியத்தின் பணியும் அடிப்படையில் இத்தகையதே: கட்டியதை ஆண்டுதோறும் கண்காணித்தல்.

சட்டத்தைப் பொறுத்தவரை, டென்மார்க்கில் கட்டடக் காப்புச் சட்டம் 1918இல் இயற்றப்பட்டது. நிலத்தில் கண்ணுக்குத் தெரியும் தொன்மைச் சின்னங்கள் 1937 முதல் பொதுவான காப்பைப் பெற்றன. காப்புப் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீற்றர் வரை நிலத்தின் நிலையை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. இதனால் பாலத்தோடு ஓடையும் அணுகுவழியும் புல்வெளியும் சேர்ந்து ஒரு முழுமையாக நிற்கின்றன. தனியே பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்த பாலம் ஒரு கற்குவியலே. வழியோடும் நீரோடும் நிற்கும்போதுதான் அது பாலம். ஹேர்வையன் இன்று நடைப்பயணிகளுக்கும் மிதிவண்டியாளருக்கும் உரிய தேசிய வழியாக அறிவிக்கப்பட்டிருப்பதால் அதன் பாலங்கள் பயன்பாட்டை இழக்கவில்லை.

8. தமிழ் நிலங்களுக்கான பொருத்தம்

இந்தியாவின் தொல்லியற் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தம் காப்புப் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீற்றரைத் தடைசெய்த பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீற்றரைக் கட்டுப்படுத்திய பகுதியாகவும் வகுத்துள்ளது. அளவில் டேனியச் சட்டத்தினும் இது கடுமையானது. ஆயின் சட்டத்தின் நிழல் பட்டியலில் இடம்பெற்ற சின்னத்துக்கே உரியது. பட்டியலிலோ கோயில்களும் கோட்டைகளும் குடைவரைகளும் முன்னிற்கின்றன. ஊர்ப்புற மதகுக்கும் கற்பலகைப் பாலத்துக்கும் அங்கு இடம் கிடைப்பது அரிது.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கண்டி உடன்படிக்கை நாளான 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாகக் கொண்டு தொல்பொருளை வரையறுத்தது. அதன்பின் எழுந்த கட்டடங்கள் தனி அறிவித்தலினாலேயே காப்புப் பெறவேண்டும். இவ்வளவுகோலைக் கைலோப் பாலத்தின் மீது வைத்து நோக்குவோம். 1818இல் எழுந்த அது மூன்று ஆண்டு வேறுபாட்டால் எல்லைக்கு வெளியே நின்றுவிடும். காலவெல்லையை மட்டும் நம்பும் காப்புமுறை நாட்டுப்புறப் பாலங்களுக்கு எவ்வளவு போதாதது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இழப்பு கல்லோடு நிற்பதில்லை. தமிழில் இத்துறைக்குரிய சொல்வளம் பெரிது: மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, தாம்போதி; வன்னிக் குளங்களில் துருசு, வான், அலைகரை; பழைய சென்னை வழக்கில் பாலத்தைக் குறித்த வாராவதி. இவற்றுட் சில நிகண்டிலும் அகராதியிலும் உள்ளன; சில பேச்சில் மட்டுமே உள்ளன. அமைப்பு இடிக்கப்பட்டு அதனிடத்தில் கொங்கிறீற்றுக் குழாய் பதிக்கப்படும்போது, அவ்வமைப்பின் உறுப்புகளைக் குறித்த சொற்களும் பயன்பாட்டினின்றும் நீங்குகின்றன. முதியோர் சிலரின் நாவில் மட்டும் எஞ்சியுள்ள அச்சொற்களைத் திரட்டும் காலம் நீண்டதன்று.

வழிசார்ந்த அறக்கட்டுமானங்களுக்கு ஈழத்தில் நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. பருத்தித்துறையில், வீதி தன்னூடாகவே செல்ல, இருமருங்கும் திண்ணையும் மேலே கூரையுமாக நிற்கும் தெருமூடிமடம் அவற்றுள் தலையாயது. அதனைத் தனிக்கட்டடமாக மட்டுமன்றி, அவ்வீதியின் கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், மதகு ஆகியவற்றோடு சேர்த்து ஒரே வழித்தொகுதியாகப் பதிவதே பொருத்தமானது. கைலோப் பாலம், இம்மர்வாத் பாலம், துறைகள், வழித்தடங்கள் அனைத்தையும் ஹேர்வையன் என்னும் ஒரே பெயரின்கீழ் டேனியர் நோக்கும் முறை இதற்கு வழிகாட்டும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாட்டுப்புறக் கற்பாலத்தின் மரபுப் பெறுமதியை நான்காக வகுக்கலாம். கிடைத்த கல்லுக்கேற்ப முறையைத் தெரிந்த தொழில்நுட்ப அறிவு முதலாவது. நீர்பிரி மேட்டைத் தொடர்ந்த நிலவறிவு இரண்டாவது. கூலியின்றி உழைத்த குடியானவரின் பதிவுபெறாத வரலாறு மூன்றாவது. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த பேணல் நான்காவது. இவற்றுள் இறுதியானதே ஏனைய மூன்றையும் நம் காலம் வரை கொண்டுவந்து சேர்த்துள்ளது. ராவ்னிங் பாலம் மறைந்ததும் கைலோப் பாலம் நிலைத்ததும் இதனையே காட்டுகின்றன.

தமிழாய்வுலகின் முன் மூன்று பணிகளை இக்கட்டுரை வைக்கின்றது. முதலாவதாக, தமிழகத்திலும் ஈழத்திலும் எஞ்சியுள்ள கற்பலகைப் பாலங்கள், மதகுகள், தாம்போதிகள் ஆகியவற்றை அளவு, வரைபடம், ஒளிப்படம், அமைவிடம் ஆகியவற்றோடு பதிதல் வேண்டும். பல்கலைக்கழக மாணவர் தம் ஊரிலிருந்தே இதனைத் தொடங்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு பதிவோடும் அவ்வூரார் அவ்வமைப்பின் உறுப்புகளுக்கு வழங்கும் சொற்களையும் ஒலிவடிவில் சேர்த்தல் வேண்டும். மூன்றாவதாக, வீதி அகலப்படுத்தும் திட்டம் தீட்டப்படும் கட்டத்திலேயே அப்பதிவு அதிகாரிகளின் கையில் இருத்தல் வேண்டும். பழைய அமைப்பை விட்டு அருகே புதிய பாலம் அமைப்பது பல இடங்களில் இயலும்.

புலம்பெயர் தமிழருக்கும் இதிற் பங்குண்டு. ஹேர்னிங், பிராண்டெ, ஹோல்ஸ்டெப்ரோ போன்ற யூட்லாந்து நகரங்களில் வளர்ந்த தலைமுறையினருள் கட்டடப் பொறியியலும் நில அளவையும் கற்றவர்கள் உள்ளனர். டேனிய மரபுக் காப்பு முறைகளை அவர்கள் மூலமொழியிலேயே படிக்க வல்லவர்கள். அவ்வறிவு தமிழிலும் எழுதப்படுமாயின், தரங்கம்பாடியில் தொடங்கிய நானூறாண்டுத் தொடர்பில் தமிழர் தாமே தெரிந்தெடுத்துக்கொண்ட ஒரு கொள்வினையாக அது அமையும்.